யார் யார் பறக்கலாம்

நான் முன்பு வேலை பார்த்த விமான மருத்துவ ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் போன வாரம் பெங்களூர் தொம்மலூரில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இருவரும் நர்ஸ்கள். நம் நாட்டிலிருந்து மனிதர்களை விண்வெளிக்கு அனுப்பப் போகிறார்கள் என்ற பேச்சுதான் இப்போது அங்கே முழு நேரமும் நடக்கிறதாம். டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு பெண் கேட்டாள்: "மேடம், பிளேன்ல போறது மாதிரி அதுவும் ஒருநாள் சேஃப் ஆகிடுமா?"

எனக்கு ராக்கெட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். மனித உடம்பை மேலே கொண்டுபோனால் அது என்ன பாடுபடும் என்பது கொஞ்சம் தெரியும். பத்து வருடம் போல அந்தக் கூடத்திலும், பிறகு விமான நிலையத்தின் மருத்துவ அறையிலும் இருந்து பார்த்தது அது. முதல் இடத்தில் பறக்கப் போகிறவர்களைப் பொறுக்கி எடுத்தோம். இரண்டாவது இடத்தில் எவர் வந்தாலும் பறக்க வைத்தோம். ஒருவரைத் தவிர. அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு முடித்து, சில காலம் பிரசவ வார்டில் இருந்துவிட்டு, 1991-ல் அந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். வீட்டிலிருந்து நடந்தே போகலாம் என்பதுதான் அந்த வேலைக்கு விண்ணப்பித்ததற்குக் காரணம். முதல் நாள் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டியது ஓர் இரும்பு அறை. சிறிய கண்ணாடி ஜன்னல்கள், இரண்டு பக்கமும் பெஞ்சு, ஒவ்வோர் இருக்கைக்கும் மேலே தொங்கும் ஆக்சிஜன் மாஸ்க். கதவைச் சாத்தி உள்ளிருக்கும் காற்றை பம்பு வைத்து உறிஞ்சினால், அறை இருந்த இடத்திலேயே இருக்க, உள்ளே இருப்பவர்களின் உடம்பு மலை உச்சிக்கும் அதற்கு மேலும் போய்விடும். பம்பை இயக்கியவர் சையத் பாய். "வாங்கம்மா, டிக்கெட் இல்லாம எவரெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொன்னார் என்று நினைத்தேன். அன்றைக்கு மத்தியானமே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

விமானிகள் அந்த அறைக்குப் பயிற்சிக்கு வருவார்கள். ஒரு நர்ஸ் அவர்களோடு உள்ளே உட்கார வேண்டும். நான் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு மற்றவர்களின் நகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உயரத்தில் ஒரு விமானியின் மாஸ்க்கைச் சிறிது நேரம் கழற்றச் சொல்லி, தாளில் கழித்தல் கணக்குப் போடச் சொல்வோம். முதல் இரண்டு வரி சரியாக இருக்கும். பிறகு எழுத்து சாயும். நகம் நீலமாகும். அந்த நேரத்தில் "எப்படி இருக்கு?" என்று கேட்டால், எல்லோரும் சிரித்துக்கொண்டே, ரொம்ப நன்றாக இருக்கிறது என்பார்கள். மாஸ்க்கைத் திரும்ப மாட்டிவிட்டு, அவர்கள் எழுதியதை அவர்களிடமே காட்டினால் நம்ப மாட்டார்கள். ஆபத்தில் இருப்பவனுக்கு ஆபத்து தெரிந்திருக்கும் என்று நம்ப முடியாது என்பதை நான் அங்கேதான் கற்றேன்.

அறையின் கூரையில் ஓர் அறுவை சிகிச்சைக் கையுறையைக் கட்டித் தொங்கவிடுவோம். கொஞ்சம் காற்று மட்டும் அடைத்து வாயை முடிந்துவிட்ட கையுறை. தரையில் வாடிப்போன கத்தரிக்காய் மாதிரி இருக்கும். ஏற ஏறப் பருத்து, விரல்கள் விறைத்து, வெடித்துவிடுமோ என்று நிற்கும். புதிதாக வருகிறவர்கள் அதை வேடிக்கை பார்ப்பார்கள். "உங்க வயித்துலயும் இதுதான் நடக்குது, வெக்கப்படாம வெளிய வுடுங்க" என்று சையத் பாய் ஸ்பீக்கரில் சொல்வார்.

எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் டாக்டர் இருந்தார். டாக்டர் கேசவமூர்த்தி. மண்டியா பக்கத்துக்காரர், என்னோடு தமிழிலேயே பேசுவார். நடுநடுவே கன்னடம் வந்து விழும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு முறையும் கதவு சாத்துவதற்கு முன்னால் உள்ளே வந்து, தொங்கும் மாஸ்க்குகள் ஒவ்வொன்றையும் தன் முகத்தில் வைத்து மூச்சு இழுத்துப் பார்ப்பார். அது டெக்னீசியனின் வேலை. டெக்னீசியன் ஏற்கெனவே பார்த்திருப்பார். இருந்தும் செய்வார். பிறகு என் பக்கம் திரும்பி, "நான் இங்கேயே மயங்கி விழுந்தா என்ன பண்ணுவே?" என்பார். நான் வரிசையாகச் சொல்வேன். தப்பாகச் சொன்னால் திட்ட மாட்டார். "ஹௌதா?" என்று மட்டும் கேட்பார். அப்படியா என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் எங்கே தவறினோம் என்று நாமே தேட ஆரம்பித்துவிடுவோம்.

விண்வெளிக்கான ஆராய்ச்சியும் அங்கே நடந்தது. எடையில்லாமல் மிதந்தால் உடம்புக்கு என்ன ஆகும் என்று பார்க்க, ஆட்களைத் தலைப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்த கட்டிலில் நாள்கணக்கில் படுக்க வைப்பார்கள். சாப்பாடு, குளியல், எல்லாம் படுத்தபடியே. முகம் உப்பும், கால் மெலியும். நான் ரத்த அழுத்தம் பார்ப்பேன், கதை பேசுவேன், கிரிக்கெட் ஸ்கோர் சொல்வேன். விண்வெளிக்குப் போகிறவர்களுக்கு வைக்கும் அதே சோதனைகளில் தேறினால்தான் அந்தக் கட்டிலில் படுக்கச் சேர்ப்பார்கள். கூட்டமாக வருவார்கள், பாதிக்குமேல் திருப்பி அனுப்பப்படுவார்கள். ஒரு பல், ஒரு பழைய எலும்பு முறிவு, குடும்பத்தில் யாருக்கோ இருந்த சர்க்கரை, எதுவும் போதும்.

அப்படித் திரும்பியவர்களில் ஓர் இளம் விமானியை மறக்க முடியாது. எதிலும் குறை இல்லாத உடம்பு. ஒரு காது மட்டும், இரும்பு அறையில் உயரத்திலிருந்து கீழே இறங்கும்போது அடைத்துக்கொண்டு சமனாக நேரம் எடுத்தது. டாக்டர் அவரைக் கூப்பிட்டுச் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். விமானியின் முகம் கறுத்துவிட்டது.

"சார், இதே காதோட நாளைக்கு டெல்லிக்கு பிளேன்ல பயணியா போகலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா."

"அப்போ இது மட்டும் ஏன் சார்?"

"பயணிக்குக் காது எப்படி இருக்கணும்னு யாரும் சட்டம் போடல. அந்தக் காதுக்கு ஏத்த மாதிரி பிளேனை மெல்ல இறக்கறது எங்க பொறுப்பு. இங்கே அப்படி இல்லப்பா. இங்கே மெஷினுக்கு ஏத்த மாதிரிதான் மனுஷனைத் தேட முடியும். மெஷினுக்கு இன்னும் அவ்வளவுதான் வயசு."

அந்த விமானி சல்யூட் அடித்துவிட்டுப் போனார். எனக்கு அந்தப் பதில் அப்போது பாதிதான் புரிந்தது.

டாக்டர் ஓய்வு பெற்றதும் பழைய விமான நிலையத்தின் மருத்துவ அறையைப் பார்த்துக்கொள்ளப் போனார். கொஞ்ச நாளில் என்னையும் கூப்பிட்டார். 2000-த்தில் அங்கே சேர்ந்தேன். முதல் வாரம் எனக்குத் தலை சுற்றியது. யாரைப் பார்த்தாலும், ஆய்வுக்கூடத்தில் வாசலிலேயே நிறுத்தி இருப்போமே என்று தோன்றும். மூச்சு வாங்கும் தாத்தா, ஏழு மாத வயிற்றுக்காரி, நெஞ்சைத் திறந்து மூடிய தையல் காயாத கொல்கத்தா வியாபாரி, பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத குழந்தை. பெங்களூருக்கு வைத்தியத்துக்கு வந்து திரும்புகிறவர்களே பாதி. டாக்டர் எல்லோருக்கும் ஏதாவது ஒரு வழி கண்டுபிடிப்பார். இவருக்கு ஆக்சிஜன் வேண்டும், அவருக்கு முன் வரிசையில் இருக்கை, இந்தம்மாவுக்குச் சக்கர நாற்காலி, குழந்தைக்கு இறங்கும் நேரத்தில் பால். "மாட்டேன்னு சொல்றதுக்கு டாக்டர் எதுக்கு, கதவே போதும்" என்பார்.

2003 தொடக்கத்தில், அமெரிக்க விண்கலம் ஒன்று தரையிறங்க வேண்டிய காலையில் வானத்திலேயே உடைந்துபோய் அதில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். நம் நாட்டில் பிறந்த பெண் ஒருத்தியும் அதில் இருந்தாள். குடும்பத்தார் ஓடுபாதை அருகே வந்து காத்திருந்தார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். மறுநாள் எங்கள் அறையில் யாருக்கும் வேலை ஓடவில்லை. வெளியே வழக்கம்போல விமானங்கள் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தன. எனக்கு மனது கேட்காமல், "சார், அவங்க அத்தனை பேரும் பொறுக்கி எடுத்த ஆளுங்க. எத்தனை வருஷப் பயிற்சி. இங்கே சுகர், பிரஷர்னு எல்லாரும் ஏறிப் போறாங்க, பத்திரமா இறங்குறாங்க. இது என்ன நியாயம்?" என்றேன்.

டாக்டர் டீ டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். "பிளேன் தினமும் திரும்பி வருதும்மா. ஒரே பிளேன் ஒரு நாளைக்கு நாலு தடவை. வந்து நின்னதும், எனக்கு இங்கே வலிக்குது, இங்கே தேஞ்சுபோச்சுன்னு மெக்கானிக்கிட்ட சொல்லுது. உலகம் பூரா சொல்லுது. இத்தனை வருஷமா அதைக் கேட்டுக் கேட்டுத் திருத்தி இருக்காங்க. விண்கலம் போறதே எப்பவோ ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய முதல் தடவைதான். இன்னொண்ணு, நடுவுல ஏதாச்சும் ஆனா பிளேனுக்குப் பக்கத்துல ஒரு ஊர் இருக்கும். அவங்களுக்குப் பக்கத்து ஊர் கிடையாது."

சற்று நேரம் கழித்து, "போறவங்களுக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் போறாங்க. அதனாலதான் அவங்களை நாம கும்பிடறோம்" என்றார். டீ ஆறிப்போயிருந்தது. அதையும் குடித்தார்.

அந்த வருடம்தான் பிரபு வந்தான்.

காலை நேரத்தில் மஸ்கட் விமானத்துக்கு ஆட்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். கவுன்ட்டரிலிருந்து ஒரு பையனுக்கு மூச்சு வாங்குகிறது என்று அனுப்பிவைத்தார்கள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். நெடுநெடுவென்ற உயரம், ஒல்லி. ஸ்ரீராம்புரத்துப் பையன். பீன்யாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்திருக்கிறது. ஆட்டோ லேட் ஆகிவிட்டது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன், அதனால்தான் என்றான். புதுச் சட்டையின் மடிப்புகூடக் கலையவில்லை.

நாடி பார்த்தேன். ஓடிவந்த நாடி இத்தனை நேரத்தில் தணிந்திருக்க வேண்டும், தணியவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்தேன். இடது பக்கம் மூச்சு நன்றாகக் கேட்டது. வலது பக்கம் எங்கோ தூரத்தில் கேட்டது. சட்டையைக் கழற்றச் சொன்னதும் தயங்கினான். வலது அக்குளுக்குக் கீழே சின்ன பிளாஸ்திரி.

"இது என்னப்பா?"

"கட்டி மேடம். அறுத்து எடுத்தாங்க."

டாக்டர் எழுந்து வந்தார். அவன் முதுகில் விரலை வைத்து இன்னொரு விரலால் மெல்லத் தட்டிக் கேட்டார். இடது பக்கம், வலது பக்கம், மறுபடி இடது பக்கம். பிறகு அவனுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கட்டியா?"

"ஆமா சார்."

"ஹௌதா?"

பிரபு தலையைக் குனிந்துகொண்டான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். மூன்று வாரத்துக்கு முன்னால் பட்டறையில் திடீரென்று நெஞ்சு வலித்திருக்கிறது. நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று கசிந்து, நுரையீரல் சுருங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் குழாய் போட்டிருக்கிறார்கள். ஒல்லியாக உயரமாக வளரும் பையன்களுக்கு, அதுவும் சிகரெட் பிடித்தால், இது வருவது உண்டு. குழாயை எடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வா என்று சொல்லி இருக்கிறார்கள். அதற்குள் விசா வந்துவிட்டது. எக்ஸ்ரேயில் ஏதாவது தெரிந்தால் போக விடமாட்டார்களே என்று இவன் போகவே இல்லை.

அவனுடைய அம்மாவும் அண்ணன் சேகரும் வெளியே கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். செக்யூரிட்டியிடம் சொல்லி உள்ளே வரவழைத்தோம். டாக்டர், இன்றைக்கு அனுப்ப முடியாது என்றார்.

"இன்னா சார் இது, நல்லாத்தான கீறான்? காலைல இட்லி துன்னுட்டு வந்தான்" என்றாள் அம்மா.

நான் அவளை உட்கார வைத்தேன். நுரையீரலுக்கு வெளியே காற்று மாட்டிக்கொண்டு இருக்கலாம், விமானம் மேலே போனால் அந்தக் காற்று பெரிதாகும் என்று சொல்லி, ஆய்வுக்கூடத்துக் கையுறையைப் பற்றிச் சொன்னேன். அது பருத்து நிற்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்றேன்.

"உள்ளுக்குள்ளயே ஊதிக்கும்ன்றியா?"

"ஆமாம்மா. நுரையீரலையும் அமுக்கும், இதயத்தையும் தள்ளும். பாதி வழி கடல் மேலதான் போகுது. இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாது."

அவள் மகனைப் பார்த்தாள். ஆனால் சேகர் விடவில்லை. விசா அந்த வாரத்தோடு முடிகிறது. தம்பியின் சம்பளத்தை விட்டால் அந்த வீட்டில் வருமானத்துக்கு வேறு வழியே இல்லை.

"மேடம், எங்க ரிஸ்க்லதான போறான்? எது ஆனாலும் நாங்க யாரையும் கேக்க மாட்டோம். கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறோம். நானும் போடறேன், அம்மாவும் போடும்."

டாக்டர் அவனையும் உட்காரச் சொன்னார். அவசரமே இல்லாமல் பேசினார். விமானம் புறப்படும் அறிவிப்பு வெளியே கேட்டுக்கொண்டிருந்தது.

"விண்வெளிக்குப் போறவனும் கையெழுத்துப் போடறான் சேகர். வருஷக்கணக்கா உக்காந்து, எது எது உடையலாம், உடைஞ்சா எப்படிச் சாவான்னு படிச்சுட்டுப் போடறான். அவனையே எக்ஸ்ரே பார்க்காம ஏத்த மாட்டாங்க. உங்க தம்பி ஒரு டிக்கெட் வாங்கி இருக்கான். டிக்கெட் வாங்கினவன், என்னைப் பத்திரமா எறக்கி வுடுன்னுதான் கேக்கறான், சாகத் தயார்னு சொல்லல. மேலே போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியல. தெரியாதவங்ககிட்ட நான் எப்படிக் கையெழுத்து வாங்குவேன்?"

பிரபு புதுச் சட்டையின் பட்டன்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டான். பெட்டியை விமானத்திலிருந்து இறக்கிக் கொண்டுவந்தார்கள்.

அன்றைக்கே பக்கத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தோம். வலது நுரையீரல் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியிருந்தது. மறுபடி குழாய் போட்டார்கள். டாக்டர் மஸ்கட் கம்பெனியின் ஏஜென்ட்டுக்கு அவரே போன் செய்து பேசினார். ஏஜென்ட் மரியாதையாகத்தான் பேசினான், ஆனால் கம்பெனி காத்திருக்கவில்லை. வேறு ஆளை எடுத்துக்கொண்டது.

சில நாள் கழித்துச் சேகர் மருத்துவ அறைக்கு வந்தான். சண்டை போட வந்தவன் மாதிரி இல்லை, அதனாலேயே இன்னும் கஷ்டமாக இருந்தது. "உயிரோட கீறான், சரி மேடம். வேலை பூட்ச்சே. அதுக்கு யாரு பதில் சொல்றது?" என்றான். டாக்டரைப் பார்த்தேன். அவர் நேராக அவனைப் பார்த்து, "ஹௌது" என்றார். ஆமாம் என்பது மட்டும்தான். அதற்கு மேல் ஆறுதல் ஏதும் சொல்லவில்லை. சேகர் கதவைத் திறந்துகொண்டு போனான். நாங்கள் செய்தது சரி என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் சரியான காரியத்துக்கும் ஒரு வீடு கஷ்டப்பட வேண்டி இருந்தது.

பிரபுவுக்கு அறுவை சிகிச்சை செய்து, நுரையீரல் மறுபடி சுருங்காமல் மார்புச் சுவரோடு ஒட்ட வைத்தார்கள். சிகரெட்டை விட்டான். பீன்யாவிலேயே பழைய பட்டறை முதலாளி திரும்பச் சேர்த்துக்கொண்டார். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது, அடுத்த வருடம் அவனே மருத்துவ அறைக்கு வந்தபோதுதான். ஷார்ஜாவில் வேலை கிடைத்திருந்தது. கவுன்ட்டருக்குப் போவதற்கு முன்னால் நேராக எங்களிடம் வந்தான். கையில் எக்ஸ்ரே உறை. கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

"யாரும் கூப்புடல மேடம், நானேதான் வந்தேன். பாத்துட்டு வுடுங்க."

டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். முதுகைத் தட்டிக் கேட்டார். இடது பக்கம், வலது பக்கம். பிறகு அவன் தோளில் கை வைத்து, "ஜன்னல் சீட் கேளு, கடல் தெரியும்" என்றார்.

மத்தியானம் என் டியூட்டி முடிந்து வெளியே வந்தேன். பிரபுவின் அம்மா ரோட்டோரத்து டீக்கடை நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். சேகருக்கு வேறு ஏதோ காரியம் இருந்ததால் வழியனுப்பிவிட்டு அப்போதே போய்விட்டானாம். விமானம் ஏறியே பல மணி நேரம் ஆகியிருந்தது.

"ஏம்மா இன்னும் போகல?"

"எறங்கிட்டான்னு தெரிஞ்சாதான் நான் போவேன்" என்றாள். "போன தடவ நீங்க சொன்னதுலேர்ந்து மேல பாத்தாலே அந்த ஊதுன கையுறைதான் கண்ணுல நிக்குது."

அவளுக்கு அந்தப் பயத்தைக் கொடுத்தது நான்தான். மறுபடி உள்ளே போனேன். விமானக் கம்பெனியின் கவுன்ட்டரில் ஒரு பெண் அடுத்த விமானத்துக்கான காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஷார்ஜா விமானம் இறங்கிவிட்டதா என்று கேட்டேன். அவளுக்கு நான் கேட்டது புரியவில்லை. லேட் ஆகிவிட்டதா என்று கேட்கிறீர்களா, யாராவது பெட்டியை விட்டுவிட்டார்களா என்றாள். இல்லை, இறங்கிவிட்டதா என்று மட்டும் தெரிய வேண்டும் என்றேன். காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்க்கக்கூட இல்லை.

"எப்பவோ இறங்கி இருக்கும் மேடம். இறங்காம வேற எங்க போகும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விண்கலத்துக்காக ஓடுபாதை அருகே காத்திருந்தவர்களிடம் யாரும் அப்படிச் சொல்லி இருக்க முடியாது. தட்டிப் பார்த்தே சொல் என்று கெஞ்சினேன். அலுத்துக்கொண்டே தட்டினாள். இறங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

வெளியே வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் எழுந்து புடவையைத் தட்டி உதறிக்கொண்டு, மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று கேட்டாள்.